கடற்கரைக்குப் போக முதல் நுளம்புக்கு என்ன வாங்கோணும்: நான் பாவிச்சுப் பாத்த சாமான்கள் பற்றி

முதல்ல முடிவைச் சொல்லிடுறன், விளக்கம் வேணுமெண்டாக்கள் கீழ வாசியுங்கோ. பெந்தோட்டையோ உனவட்டுனவோ நிலாவெளியோ, எங்க போனாலும் பாக்குக்குள்ள இருக்க வேண்டியது 20இல இருந்து 30 வீதம் வரைக்கும் டீட் எண்ட நுளம்பு விரட்டி மருந்து உள்ள ஸ்ப்ரே ஒண்டு, இல்லாட்டி 20 வீதம் இக்காரிடின் எண்ட இன்னொரு விரட்டி மருந்து உள்ளது, அதோட கடிச்ச இடத்தில பூச ஒரு கலமைன் போத்தல், அரிப்புக்குக் குடிக்க ஒரு கார்ட் செட்டிரிசின் குளிசை, கணுக்கால் மூடுற சொக்ஸ். வேப்பிலைப் படம் புல்லுப் படம் போட்டு 'நூறு வீதம் இயற்கை' எண்டு முன்னுக்குப் பெரிசா எழுதியிருக்கிற போத்தலை மட்டும் நம்பிப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தில சின்ன எழுத்தில இருக்கிற மருந்தின்ட பேரையும் வீதத்தையும் பாத்திட்டு வாங்குங்கோ. விலையும் வாசமும் பிராண்டும் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

நான் இருக்கிறது வெள்ளவத்தையில. ஏப்ரல் லீவு, ஆகஸ்ட் லீவு வந்தா எங்கட ஃபிளட்டில பாதிப்பேர் ஏதோ ஒரு கடற்கரைக்குப் போவினம், கனடா, லண்டன், சுவிஸ்ஸில இருந்து சொந்தக்காரரும் வந்து இறங்குவினம், எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், நுளம்புக்கு என்ன வாங்கிறது, கடிச்சா என்ன பூசுறது எண்டு. ஒவ்வொருத்தருக்கும் வொட்ஸ்அப்பில துண்டு துண்டா எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறன், அதுதான் ஒரே இடத்தில எழுதி வைப்பமெண்டு நினைச்சன். 

வெளிநாட்டில இருந்து வாறவை மலேரியாக் குளிசை போடோணுமோ எண்டு கேட்டுக்கொண்டு வருவினம். மலேரியா இங்க இல்ல. 2016இல உலக சுகாதார நிறுவனமே இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் குடுத்திட்டுது, அதே வருசம் யானைக்கால் நோயையும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை எண்ட பட்டியலில இருந்து எடுத்திட்டினம். இங்க பயப்பட வேண்டியது டெங்குவுக்கும் சிக்கன்குன்யாவுக்கும். 2017இல மட்டும் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் பேருக்கு மேல டெங்கு வந்தது, நானூறுக்கு மேல ஆக்கள் செத்தவை, அந்த வருசம் கொழும்பில இருந்த ஆருக்கும் அது மறக்காது, ஆஸ்பத்திரி வாட்டில ஒரு கட்டிலில ரெண்டு மூண்டு பேர் படுத்துக் கிடந்த காலம். டெங்குவுக்குத் தடுப்பூசி போட்டிட்டுப் போவம் எண்ட நிலைமை இங்க சாதாரண சனத்துக்கு இல்ல, ஆனபடியா கடி வாங்காம இருக்கிறதுதான் எங்கட கையில இருக்கிற ஒரே வழி.

டெங்கு நுளம்பு பகல்ல கடிக்கிறது. விடிய வெயில் ஏறுற நேரமும் பின்நேரம் வெயில் இறங்குற நேரமும்தான் அதுக்குப் பசி கூட. கடற்கரைக்குப் போனா நாங்கள் என்ன செய்யிறம்? சரியா அந்த ரெண்டு நேரமும்தான் வெளியில நிக்கிறம், விடிய மண்ணில நடக்கப் போவம், பின்நேரம் சூரியன் இறங்கிறதைப் பாக்கக் குந்தியிருப்பம், அதுவும் அரைக்காற்சட்டையோட. ராத்திரி ரூமுக்குள்ள நுளம்புத்திரி கொளுத்தி வைச்சிட்டு நாங்கள் பாதுகாப்பா இருக்கிறம் எண்டு நினைக்கிறது பாதிதான் சரி, திரி கொளுத்த முதலே டெங்கு நுளம்பு தன்ட வேலையை முடிச்சிட்டுப் போயிருக்கும்.

சரி, இப்ப சாமானுக்கு வாறன்.

எங்கட வீட்டில கனகாலமா இருக்கிறது சுவிஸ்ஸில இருந்து மாமா கொண்டு வந்து தாற ஆன்டி ப்ரும் ஃபோர்ட்டே. 30 வீதம் டீட், பம்ப் போத்தல், வாசம் கொஞ்சம் மருந்துக் கடை மாதிரி, பூசினா தோல் பிசுபிசுக்கும், ஆனா வேலை செய்யும். பின்நேரம் நாலரை அஞ்சுக்குப் பூசினா ராச்சாப்பாடு வரைக்கும் கவலை இல்ல. கனடாக்காரர் கொண்டு வாற ஆஃப் டீப் வூட்ஸ் 25 வீதம், அதுவும் நல்லது, கை கால் எல்லாத்துக்கும் கெதியா அடிச்சு முடிக்கலாம், ஆனா ஏரோசோல் எண்டபடியா காத்தடிக்கிற கடற்கரையில நிண்டு அடிச்சா பாதி பக்கத்தில நிக்கிறவரின்ட மூக்குக்குள்ளதான் போகும், ரூமுக்குள்ள இல்லாம பல்கனியில நிண்டு அடிச்சிட்டுக் கீழ இறங்குங்கோ.

டீட் எண்டா ஏதோ புதுசா வந்த கெமிக்கல் எண்டு பயப்பிடுறாக்கள் இருக்கினம். 1944இல அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஆமிக்காரருக்காகக் கண்டுபிடிச்சது, 1957இல இருந்து பொதுசனம் பாவிக்குது, இவ்வளவு காலமும் இவ்வளவு சனம் பாவிச்ச வேற ஒரு நுளம்பு மருந்து இல்ல. வீதம் கூடக் கூடப் பலம் கூடுமெண்டு இல்ல, பாதுகாப்பு நேரம்தான் கூடும். 10 வீதம் எண்டா ரெண்டு மணித்தியாலம் போல, 30 வீதம் எண்டா அஞ்சாறு மணித்தியாலம். 50க்கு மேல போனா நேரமும் பெரிசாக் கூடாது, சும்மா தோலுக்குக் கரைச்சல், ஆனபடியா 80, 95 எண்டு போட்ட போத்தலைப் பாத்து ஆசைப்படாதேங்கோ.

டீட்டில எனக்குப் பிடிக்காத ஒரு விசயம், அது பிளாஸ்டிக்கைத் தின்னும். பூசின கையாலேயே மச்சான் தன்ட கூலிங்கிளாஸைக் கழட்டித் துடைச்சார், அடுத்த நாள் பாத்தா ஃபிரேமில அவரின்ட பெருவிரல் ரேகை அப்பிடியே பதிஞ்சு போயிருக்கு, தொட்டா ஒட்டுது, எவ்வளவு துடைச்சும் போகேல்ல. மணிக்கூட்டுப் பட்டி, நெயில் பொலிஷ், ஃபோன் கவர், சில நீச்சல் உடுப்புத் துணி, எல்லாத்துக்கும் இதுதான் கதி. பூசினாப் பிறகு உள்ளங்கையை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு ஃபோனைத் தொடுங்கோ. பருத்தித் துணிக்கு ஒண்டும் ஆகாது.

இந்தக் கரைச்சலே வேண்டாமெண்டா இக்காரிடின் வாங்குங்கோ, சில போத்தலில பிக்காரிடின் எண்டு இருக்கும், ரெண்டும் ஒண்டுதான். 1980களில பேயர் கொம்பனி செய்தது. 20 வீதம் உள்ளதை வாங்கினா டீட்டுக்குக் குறையாம நிக்கும், வாசம் கிட்டத்தட்ட இல்ல, பிசுபிசுப்பு இல்ல, பிளாஸ்டிக்குக்கு ஒண்டும் செய்யாது. என்னைக் கேட்டா கடற்கரைக்கு இதுதான் ஆகத் திறம், வேர்வையோட வேர்வையாக் கிடந்தாலும் அருவருப்பா இருக்காது, பிள்ளையளும் பூச விடுங்கள். குறை என்னெண்டா கொழும்பில நினைச்ச உடன வாங்கேலாது, நான் கேட்ட பாமசிகளில கனபேருக்குப் பேரே தெரியேல்ல. வெளியில இருந்து ஆரும் வந்தா சொல்லி எடுப்பியுங்கோ.

இங்க கைக்கெட்டினது எண்டு பாத்தா சொஃபெல் லோஷன், இந்தோனேசியாச் சாமான், தோடம்பழத் தோல் வாசத்தில ஒண்டும் பூ வாசத்தில ஒண்டும் வருது. நான் பாத்த போத்தலின்ட பின்பக்கம் டீட் 13 வீதம் எண்டு இருந்தது. விலை பரவாயில்ல, பூச லேசு, வாசமும் நல்லம், ஆனா 13 வீதம்தானே, ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பிப் பூசோணும். அதைத் தெரிஞ்சுகொண்டு பாவிச்சா நல்ல சாமான், ஒருக்காப் பூசிட்டு நாள் முழுக்க நிக்குமெண்டு நினைச்சு 'இது சரியில்ல' எண்டு ஏசுறது நியாயமில்ல. சென்னைக்குப் போய் வாறவை கொண்டு வாற ஒடோமோஸும் அப்பிடித்தான். அதில இருக்கிறது டீட் இல்ல, அதின்ட சொந்தக்காரன் மாதிரி இன்னொரு மருந்து, டைஎதில் பென்சமைட் 12 வீதம். வெள்ளைக் கிறீம், கையில கொஞ்ச நேரம் எண்ணெய் மாதிரி நிக்கும். வெள்ளவத்தையில பின்நேரம் ரெயில் பாதைக்கு அங்கால கடற்கரையில கொஞ்ச நேரம் நடக்கப் போறதுக்கு இது தாராளம். ரெண்டு நாள் ட்ரிப்புக்கு நான் இதை மட்டும் நம்பிப் போக மாட்டன்.

இனிக் கனபேர் கோவிக்கப் போற விசயம், சிட்ரோனெல்லா. எங்கட நாட்டு எண்ணெய், தெற்கில மாத்தறை அம்பாந்தோட்டைப் பக்கம் காலம் காலமாப் புல்லு வளத்து வடிக்கிறது, உலகச் சந்தையில சிலோன் சிட்ரோனெல்லா எண்டு தனிப் பேரே இருக்கு, வாசம் எனக்கும் நல்ல விருப்பம். நுளம்புக்கும் அது பிடிக்காது, உண்மைதான். ஆனா கெதியா ஆவியாப் போயிடும். 2002இல அமெரிக்காவில ஒரு ஆராய்ச்சி செய்தவை, டெங்கு பரப்புற அதே ஜாதி நுளம்பு நிறைஞ்ச கூட்டுக்குள்ள மருந்து பூசின கையை விட்டு எவ்வளவு நேரத்தில முதல் கடி விழுகுது எண்டு பாத்தவை. 23.8 வீதம் டீட் சராசரி 5 மணித்தியாலம் தாங்கினது. சிட்ரோனெல்லாச் சாமான்கள் பெரும்பாலும் 20 நிமிசம்கூடத் தாங்கேல்ல. கையில கட்டுற பட்டி ஒரு நிமிசம்கூட இல்ல. பட்டியில அடைச்சிருந்தது டீட்டாகவே இருந்தும் பிரயோசனமில்ல, ஏனெண்டா மருந்து எந்த இடத்தில தோலில படுதோ அந்த இடத்தைத்தான் காக்கும், மணிக்கட்டில கட்டின பட்டி கணுக்காலைக் காக்காது.

இந்தப் பட்டி பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கு. காலி வீதியில ஒரு கடையில, கார்ட்டூன் படம் போட்டுக் கலர் கலராத் தொங்க விட்டிருக்கினம், '240 மணித்தியாலப் பாதுகாப்பு' எண்டு எழுதியிருக்கு, தங்கச்சி தன்ட ரெண்டு பிள்ளையளுக்கும் வாங்கிக் கட்டிக் கடற்கரையில விளையாட விட்டவ. பின்நேரம் குளிக்க வாக்கேக்க சின்னவனின்ட பட்டி கட்டின கையிலேயே, பட்டிக்கு ஒரு சாண் தள்ளி, மூண்டு தடிப்பு வரிசையா நிண்டது. பிள்ளையளுக்கெண்டு சொல்லி விக்கிற சாமானில இப்பிடி எழுதி விக்கிறது சரியான அநியாயம், டெங்கு உள்ள நாட்டில இது விளையாட்டு இல்ல. ஃபோனில போடுற சத்தம் எழுப்புற ஆப், பிளக்கில குத்துற அல்ட்ராசோனிக் பெட்டி, இதுகளும் அப்பிடித்தான், ஒரு சதத்துக்கும் உதவாது.

எங்கட ஆக்கள் தேங்காயெண்ணெயில வேப்பெண்ணெய் கலந்து பூசுறவை. அம்மம்மா காலத்தில பின்நேரம் வேப்பிலைப் புகையும் போடுவினம். நான் அதை வேண்டாமெண்டு சொல்ல மாட்டன், எண்ணெய்ப் படை தடிப்பா இருந்தா குட்டிப் பூச்சியள் அதில ஒட்டிக்கொண்டு கடிக்க ஏலாமப் போறதை நானே கண்டிருக்கிறன். ஆனா டெங்குச் சீசனில அதை மட்டும் நம்பேலாது.

குட்டிப் பூச்சி எண்டு சொன்னன், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா கடற்கரையில கடி வாங்கிக்கொண்டு வாறவையில பாதிப்பேருக்குக் கடிச்சது நுளம்பே இல்ல. சான்ட்ஃப்ளை எண்டு ஹோட்டல்காரர் சொல்லுவினம், மிளகை விடச் சின்னன், ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர்தான், வாறதும் தெரியாது கடிக்கிறதும் தெரியாது, சத்தமும் இல்ல. ஈர மண்ணிலயும் கண்டல் மரத்தடிச் சேத்திலயும்தான் பெருகும், ஆனபடியா கடல் மட்டும் இருக்கிற இடத்தை விட ஆறோ களப்போ கடலோட சேருற இடத்தில கூட. பெந்தோட்டையில கங்கைப் பக்கம் ரூம் எடுத்தவையும் நீர்கொழும்பில களப்புப் பக்கம் நிண்டவையும் நான் சொல்லுறதை ஒத்துக்கொள்ளுவினம். காத்து இல்லாத பின்நேரம், கடல் அசையாமக் கிடக்கேக்க, கணுக்காலையும் பாதத்தையும் சுத்தி ஒரு இருவது முப்பது சிவப்புப் புள்ளி வரும். அண்டைக்குப் பெரிசாத் தெரியாது, அடுத்த நாள்தான் தடிச்சு, ராத்திரி நித்திரை கொள்ள ஏலாத மாதிரி அரிக்கும், ஒரு கிழமை போனாலும் போகாது.

இதுக்கு சாதாரண நுளம்பு வலை சரிவராது, ஓட்டைக்குள்ளால சுகமா வந்திடும். நல்ல விசயம் என்னெண்டா அதுக்குப் பறக்கப் பலம் இல்ல. கடற்காத்துக் கொஞ்சம் பலமா அடிச்சாலே எழும்பாது, ஒரு ஃபேனின்ட காத்தையே எதிர்க்க ஏலாது. ஹோட்டலில வெளியில இருந்து சாப்பிடுறதெண்டா நிக்கிற ஃபேன் ஒண்டைக் கேட்டு மேசைக்குக் கீழ கால் பக்கமாத் திருப்பி வையுங்கோ, நுளம்புக்கும் இது நல்லது. மண்ணில நேரா படுக்காம கதிரையில இருங்கோ, பாயோ துவாயோ எண்டாலும் போட்டு இருங்கோ. டீட்டும் இக்காரிடினும் இதுக்கும் வேலை செய்யும், ஆனா ஒரு இடம் விடாமப் பூசோணும், குதிக்கால், கால்விரல் இடுக்கு, முழங்காலுக்குப் பின்பக்கம், இதைத்தான் எல்லாரும் விட்டிடுவினம். சொக்ஸைச் சொன்னதும் இதுக்குத்தான், கடற்கரையில சொக்ஸோட நிக்கிறது வடிவில்லத்தான், ஆனா அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் போட்டா ஒரு கிழமைச் சொறி மிச்சம்.

ஹோட்டல் ரூம் பற்றியும் ஒண்டு சொல்லோணும். தெற்கில ஒரு இடத்தில, பேர் வேண்டாம், வரவேற்பில நிண்ட பிள்ளை எங்களுக்கு இங்க நுளம்பே இல்ல எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னது. ரூமுக்கு முன்னால பூ மிதக்க விட்டு வைச்சிருந்த பெரிய மண்சட்டியில குனிஞ்சு பாத்தா, அரலிப்பூவுக்குக் கீழ குடம்பியள் தலைகீழாத் தொங்கிக்கொண்டு, என்ட நிழல் விழுந்த உடன நெளிஞ்சு நெளிஞ்சு கீழ இறங்குதுகள். தண்ணி எத்தினை நாளா மாத்தேல்லையோ. நான் அவையைக் கூப்பிட்டுக் காட்டின பிறகுதான் கொண்டு போய் ஊத்தினவை. நீங்களும் போன உடன ரூமைச் சுத்தி ஒருக்காப் பாருங்கோ, ஏசி தண்ணி சொட்டுற தட்டு, செடிச்சட்டித் தட்டு, குரும்பைக் கோம்பை, எல்லாத்தையும். கேக்க வெக்கப்பட வேண்டாம், காசு குடுத்துத்தானே நிக்கிறம். வலையில ஓட்டை இருந்தா மாத்தித் தரச் சொல்லுங்கோ.

நுளம்புத்திரி ரூமுக்குள்ள கொளுத்துறதை நான் நிப்பாட்டிட்டன். கதவு யன்னலைப் பூட்டிப்போட்டு ஒரு திரி எரிச்சா வாற நுண்புகை 75இல இருந்து 137 சிகரெட் எரிச்சதுக்குச் சமன் எண்டு 2003இல ஒரு ஆய்வு வந்தது, இழுப்பு இருக்கிற பிள்ளை உள்ள வீட்டில யோசிச்சுப் பாருங்கோ. வராந்தாவில, காத்துப் போற இடத்தில கொளுத்துங்கோ, பிரச்சினையில்ல. ரூமுக்குள்ள பிளக்கில குத்துற லிக்விட் மெசின் பரவாயில்ல, அதை விட நல்ல வலையும் ஃபேனும் போதும்.

சன்ஸ்கிரீனும் நுளம்பு மருந்தும் ரெண்டும் பூசுறதெண்டா முதல் சன்ஸ்கிரீன், அது காய்ஞ்ச பிறகு மேல நுளம்பு மருந்து. டீட் சன்ஸ்கிரீனின்ட பலத்தில மூண்டில ஒரு பங்கு போலக் குறைச்சிடும், ஆனபடியா கொஞ்சம் கூட எஸ்பிஎஃப் உள்ளதாப் பாருங்கோ. ரெண்டும் ஒரே போத்தலில கலந்து வாறதை வாங்காதேங்கோ, சன்ஸ்கிரீன் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பூசோணும், டீட்டை அப்பிடி அடிக்கடி பூசத் தேவையில்ல. கடலுக்குள்ள இறங்கி வந்தா ரெண்டும் போயிடும், திருப்பிப் பூசோணும். ராத்திரி படுக்க முதல் சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டுப் படுங்கோ. உடுப்புக்குள்ள மறையிற இடத்தில பூச வேண்டாம், காயத்தில பூச வேண்டாம்.

பிள்ளையள் எண்டா, ரெண்டு மாசத்துக்குக் கீழ ஒண்டுமே பூசப்படாது, தள்ளுவண்டிலுக்கு வலை போட்டு மூடுறதுதான். அதுக்கு மேல 30 வீதத்துக்குக் கூடாத டீட் பூசலாம் எண்டு அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சொல்லுறவை, கனடாவில 12 வயசு வரைக்கும் 10 வீதத்துக்கு மேல வேண்டாம் எண்டினம், நான் தங்கச்சியின்ட பிள்ளையளுக்குக் குறைஞ்ச வீதத்தைத்தான் எடுக்கிறன், நேரம் பாத்துத் திருப்பிப் பூசிறன். உங்கட கையில எடுத்து நீங்கள் பூசி விடுங்கோ, முகத்துக்கு நேரா அடிக்காதேங்கோ, பிள்ளையின்ட உள்ளங்கையில பூசாதேங்கோ, அது நேரா வாய்க்குள்ளதான் போகும். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் எண்டு ஒரு சாமான் வருது, இயற்கைச் சாமானுக்குள்ள உண்மையிலேயே வேலை செய்யிறது அது ஒண்டுதான் எண்டு சொல்லலாம், ஆனா மூண்டு வயசுக்குக் கீழ பாவிக்கப்படாது. கர்ப்பிணிப் பிள்ளையளும் சொன்ன மாதிரி டீட் பாவிக்கலாம், டெங்கு வாறதுதான் அவைக்குக் கூட ஆபத்து.

இவ்வளவும் செய்தும் கடி விழும், அது தவிர்க்கேலாது. கடிச்ச இடம் ஏன் அரிக்குதெண்டா நுளம்பின்ட எச்சிலுக்கு எங்கட உடம்பு காட்டுற எதிர்ப்பு, ஆனபடியா சொறிஞ்சா இன்னும் கூடுமே தவிரக் குறையாது, அதுவும் கடல் மண் அப்பின நகத்தால சொறிஞ்சா ரெண்டு நாளில சீழ் பிடிச்சிடும். முதல் வேலை சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு ஐஸ் வைக்கிறது. ஹோட்டலில ஐஸுக்கா பஞ்சம், துவாயில சுத்திப் பத்து நிமிசம் வையுங்கோ, பாதி அதிலேயே அடங்கும்.

அடுத்தது கலமைன். ரோஸ் கலர், குலுக்கிப் பூசிறது, விலையும் மலிவு, எந்தப் பாமசியிலயும், அரசாங்கப் பாமசியான ஒசுசலவிலயும் இருக்கும். காய்ஞ்சா வெள்ளையாப் பொருக்கு மாதிரி நிக்கும், உடுப்பில படும், ஆனா பிள்ளையளுக்குப் பயமில்லாமப் பூசலாம், அதுதான் எனக்கு இதில பிடிச்சது. சான்ட்ஃப்ளைக் கடிக்குக் கலமைன் மட்டும் காணாது, 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீம் மெல்லிசா, ஒரு நாளைக்கு ரெண்டு தரம், நாலஞ்சு நாள் பூசினா தடிப்பு இறங்கும், சொறிஞ்சு புண்ணானதில பூசப்படாது. ஜெர்மனிக்காரர் கொண்டு வாற ஃபெனிஸ்டில் ஜெல் பூசின உடன குளிரா இருக்கும், நல்ல சுகம், ஆனா தடிப்புக் கூடினதுக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன்தான்.

எங்கட வீடுகளில எல்லாத்துக்கும் பிரிட்டன் (Piriton) எண்ட அலர்ஜிக் குளிசைதான், தும்மினாலும் பிரிட்டன் கடிச்சாலும் பிரிட்டன். வேலை செய்யும், இல்லையெண்டில்ல, ஆனா நித்திரை தூக்கும், அந்தக் குளிசையைக் குடிச்சிட்டுக் கடலுக்குள்ள இறங்குறதும் சரி, நெடுஞ்சாலையில வாகனம் ஓடிக்கொண்டு கொழும்புக்கு வாறதும் சரி, ஆபத்து. பகலுக்கு செட்டிரிசினோ லோராட்டடினோ ஒண்டு போதும், பெரியாக்களுக்கு 10 மில்லிகிராம் நாளைக்கு ஒண்டு. பிள்ளையளுக்கு சிரப் அளவைப் பாமசியில வயசைச் சொல்லிக் கேளுங்கோ.

சித்தாலேப்பத் தைலம் பற்றிக் கேக்காத ஆள் இல்ல. பூசின உடன குளிர்ந்து எரிஞ்சு கடியை மறக்கப் பண்ணும், பெரியாக்களுக்கு நல்லம், நானும் பாக்கில கொண்டு போறனான். கண்ணுக்குக் கிட்ட, சொறிஞ்சு தோல் போன இடத்தில, சின்னக் குழந்தையளுக்குப் பூச வேண்டாம், கற்பூரம் இருக்கு அதில. பற்பசை, தேசிக்காய், உப்பு, எச்சில், இதுகள் ஒண்டும் வேண்டாம், தேசிக்காய் பூசிட்டு வெயிலில நிண்டா தோல் கறுத்துப் பொக்களமே வந்திடும்.

கடைசியா என்னை ஆச்சரியப்படுத்தின ஒரு சாமான், பைட் அவே. ஜெர்மனியில இருந்து ஒண்டுவிட்ட அக்கா கொண்டு வந்தவ, பேனை விடக் கொஞ்சம் மொத்தம், பற்றறி போடுறது, நுனியில சின்னத் தட்டு. கடிச்ச இடத்தில வைச்சு அமத்தினா அந்தத் தட்டு 51 பாகைக்குச் சூடாகி, மூண்டு செக்கனோ ஆறு செக்கனோ நிண்டு தானா நிக்கும். சுள்ளெண்டு இருக்கும், பிறகு அரிப்புப் போயிடும், உண்மையிலேயே போயிடும். கடிச்ச கையோட வைச்சா ஆகத் திறம். மருந்து ஒண்டும் இல்லாதபடியா கர்ப்பிணியளுக்கும் பிரச்சினையில்ல. விலை கூட, அதுதான் குறை. ஆரும் கரண்டியைச் சுடுதண்ணியில போட்டு அதே வேலையைச் செய்யலாமெண்டு பிள்ளையில வைச்சுப் பாக்காதேங்கோ, சூட்டளவு உங்களுக்குத் தெரியாது, பொசுங்கிடும்.

ட்ரிப் முடிஞ்சு வந்து ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்தா பரசிற்றமோல் மட்டும் குடுங்கோ. புரூஃபன், டிஸ்பிரின், வொல்டாரன் ஒண்டும் குடுக்கப்படாது, டெங்குவா இருந்தா இரத்தக்கசிவைக் கூட்டும். ரெண்டு நாளுக்கு மேல காய்ச்சல் நிண்டா பிறகு பாப்பம் எண்டு இருக்காம டொக்டரிட்டப் போய் இரத்தம் சோதியுங்கோ. காய்ச்சல் விட்டாப் பிறகுதான் சில பேருக்கு ஆபத்துத் தொடங்கிறது, வயித்து நோவு, தொடர் வாந்தி, சலம் குறையிறது, இதில ஒண்டு கண்டாலும் நேரா ஆஸ்பத்திரி. அதோட, கடிச்ச இடம் எண்டு நினைச்ச ஒண்டு நோவும் இல்லாம அரிப்பும் இல்லாம கிழமைக் கணக்கா ஆறாமப் புண்ணா நிண்டா அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில காட்டுங்கோ, லீஷ்மேனியாசிஸ் எண்ட தோல் நோயைப் பரப்புற வேற ஒரு மணல் ஈ வகை அனுராதபுரம், அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கு, சிகிச்சை இலவசம்.

வாங்கிறவைக்கு: பாமசியில முடியிற திகதியைப் பாருங்கோ, வெயில் படுற ஷெல்ஃபில நிண்டு நிறம் மாறின லோஷனை எடுக்காதேங்கோ. வெளியில இருந்து வாறவையிட்டச் சொல்லுறதெண்டா ஏரோசோல் வேண்டாம், பம்ப் போத்தல், இக்காரிடின் 20 வீதம் எண்டு அப்பிடியே எழுதி அனுப்புங்கோ, 100 மில்லிக்கு மேலயெண்டா கன எயார்போட்டுகளில கைப்பையில விட மாட்டினம், பெட்டிக்குள்ள பொலித்தீன் பையில சுத்திப் போடச் சொல்லுங்கோ. கொழும்பில இக்காரிடின் வைச்சிருக்கிற பாமசி ஆருக்கும் தெரிஞ்சா கீழ போடுங்கோ, எனக்கும் வேணும்.